வன்னிக்கு வீடு மாறி வந்திருக்கிறம், வேலிப் பொட்டை அடைக்கிறதா விடுறதா?

கொக்குவில்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ஆடி கழியட்டும் எண்டு பாத்திருந்து ஆவணியில நல்ல நாள் பாத்து பால் காய்ச்சி வட்டக்கச்சிக்கு வந்திட்டம். இவருக்கு கிளிநொச்சி ரவுணில வேலை, ஒவ்வொரு நாளும் யாழ்ப்பாணத்தில இருந்து பஸ்ஸில வந்து போய் மனுசன் நல்லா களைச்சுப் போனார், இவற்ற பெரியப்பா ஆக்கள் கனடாவில, அவையின்ர வீடு கனகாலம் பூட்டிக் கிடந்தது, நீங்கள் போய் இருங்கோ வீடும் பாழாப் போகாது எண்டு அவையே சொல்லிச்சினம். மாமியும் எங்களோட வந்திட்டா. பிள்ளையள் ரெண்டு பேர், மூத்தவன் ஆறாம் வகுப்பு, கடைக்குட்டி இன்னும் நேசறி.

வீடு நல்ல வீடு தான். பழைய ஓட்டு வீடு, பெரிய விறாந்தை, குசினி தனிய பின்னுக்கு. வளவு தான் எனக்குப் புதுசு. கொக்குவில்ல ரெண்டு பரப்புக் காணிக்குள்ள மதிலும் கேற்றுமா இருந்தனான், இஞ்ச பின்பக்கம் போனா எங்க எங்கட காணி முடியுது எண்டே தெரியாது. ராவில ஓட்டுக்கு மேல என்னவோ ஓடுது, கடைக்குட்டி என்னை விட்டு இறங்கிறானில்லை. தண்ணியும் யாழ்ப்பாணத்துத் தண்ணி மாதிரி இல்லை, கேத்தில்ல வெள்ளை படியிறது எங்களுக்குப் பழக்கம் தான், ஆனா இது வாயில வேற ஒரு ருசி, மூத்தவன் போத்தல் தண்ணி தான் வேணும் எண்டு நிக்கிறான்.

இப்ப கேக்க வந்தது என்னெண்டா, எங்கட பின்வேலியில ஒரு பொட்டு இருக்கு, ஆள் பூந்து வரக்கூடிய ஓட்டை. அதுக்குள்ளால பக்கத்து வளவு அம்மா காலமையும் பின்னேரமும் குடத்தோட வந்து எங்கட கிணத்தில தண்ணி அள்ளிக்கொண்டு போறா, அவையின்ர கிணறு உவராம். நல்ல மனுசி, வரேக்க கிணத்தடியைக் கூட்டியும் விடுறா, நாங்கள் வர முதலே வளவைப் பாத்துக்கொண்டவவும் அவ தானாம். ஆனா எனக்கு அந்தரமா இருக்கு, கிணத்தடியில குளிச்சுக்கொண்டு நிக்கேக்க திடீரெண்டு முன்னால வந்து நிண்டா என்ன செய்யிறது. இவர் சொல்லுறார் பின்பக்கம் முழுக்க மதில் கட்டி விடுவம் எண்டு. மாமி ஒரே பிடியா வேண்டாம் எண்டுறா. உள்ளுக்கு பெயின்ற் அடிக்கவேணும், குசினிக்கு ரைல்ஸ் போடவேணும், கையில இருக்கிற காசு ஒண்டுக்குத் தான் காணும். முதல்ல எதைச் செய்யிறது? வன்னியில இருக்கிற ஆக்கள் சொல்லுங்கோ.

குளத்தடி:

பிள்ளை, நான் இராமநாதபுரம், உங்களுக்குப் பக்கம் தான். ஒண்டு சொல்லுறன், மாரி ஒண்டைப் பாக்காம அந்த வளவில சீமெந்து கரைக்காதேங்கோ. இப்ப புரட்டாதி, ஐப்பசியில தொடங்கினா மார்கழி முடியுமட்டும் ஊத்தும், அப்ப தான் தெரியும் தண்ணி எந்தப் பக்கத்தால வந்து எந்தப் பக்கத்தால போகுது எண்டு. வேலிக்குள்ளால தண்ணி ஓடும், மதிலுக்குள்ளால ஓடாது. மதிலைக் கட்டிப்போட்டு வெள்ளத்தை ஒண்டில் உங்கட குசினிக்குள்ள நிப்பாட்டுவியள் இல்லாட்டி அந்த அம்மான்ர வீட்டுக்குள்ள தள்ளிவிடுவியள், பேந்து ரெண்டு வீடும் கதையாது. 2018 மார்கழியில இரணைமடுக் குளத்து வான்கதவு எல்லாம் திறந்தவங்கள், கண்டாவளைப் பக்கம் சனம் பள்ளிக்கூடங்களில போய் இருந்தது. அந்த வெள்ளம் உங்கட வளவில எது மட்டும் நிண்டது எண்டு அந்த அம்மாவைக் கேளுங்கோ, அவ கையால காட்டுவா. அந்த உயரம் தெரியாம பெட்டியள் அலுமாரியள் ஒண்டையும் நிலத்தில வைக்கவும் வேண்டாம்.

காசு போடவேணும் எண்டா கூரைக்குப் போடுங்கோ. கனகாலம் பூட்டின வீடு, குரங்கு ஓடி ஓடு கட்டாயம் விலகியிருக்கும், ராவில ஓடுறது மரநாயா இருக்கும், இல்லாட்டி எலி. ஒரு ஆளை ஏத்தி ஓட்டை மாத்தி, சிலாகை வளை எல்லாம் தட்டிப் பாக்கச் சொல்லுங்கோ. முதிரை பாலை எண்டா பயமில்லை, பனை வயிரமும் நிக்கும், இடையில ஆரும் மலிவுத் தடி போட்டிருந்தா கறையான் உள்ளுக்கால திண்டு கோது மட்டும் தான் மிச்சம் இருக்கும். மழைக்கு முதல் இதைச் செய்யுங்கோ. பெயின்ற் தை மாதத்துக்குப் பிறகு அடிக்கலாம், இப்ப அடிச்சா மாரியில ஈரம் ஊறி எல்லாம் பொருக்குப் பொருக்கா வரும்.

கிணறு இறைக்கிறதெண்டா இன்னொண்டு. தண்ணி கீழ போட்டுது எண்டு வோட்டர் பம்மைக் கயித்தில கட்டிக் கிணத்துக்குள்ள இறக்கி ஸ்ராட் பண்ணுற வேலையை ஒருத்தரும் செய்ய விடாதேங்கோ. அந்தப் புகை கிணத்துக்குள்ளயே நிக்கும், இறங்கினவன் ஏறமாட்டான், தூக்கப் போனவனும் ஏறமாட்டான், எத்தினை குடும்பத்தில இது நடந்திருக்கு.

குப்பைக்கிடங்கு, வாழைக்கிடங்கு வெட்டேக்க துருப்பிடிச்ச இரும்பு ஏதும் தட்டுப்பட்டா மம்பெட்டியை அங்கயே போட்டிட்டு விலகி வந்து பொலிசுக்குச் சொல்லுங்கோ. மிதிவெடி எடுத்து முடிச்ச காணி எண்டாலும் தான். மூத்தவனுக்கு இதை வடிவா விளங்கப்படுத்தி வையுங்கோ.

நேர்கோடு:

எல்லாரும் வெள்ளத்தைப் பற்றிக் கதைக்கினம், நான் நேரடியாச் சொல்லுறன், பொட்டை அடையுங்கோ. இண்டைக்கு ஒரு குடம், நாளைக்கு அவையின்ர மகன்ர வீட்டுக்கும் தண்ணி, பேந்து ஓஸ் பைப் இழுத்து மோட்டர் போடுவினம், கரண்ட் பில் உங்களுக்கு. அதோட பத்து வருசம் ஒரு பாதையால நடந்தா அது நடந்த ஆளுக்கு உரிமையாகும் எண்டு சட்டமே இருக்கு, எங்கட வீட்டுக்குப் பக்கத்தில ஒரு ஒழுங்கைக்காக ரெண்டு வீட்டுக்காரர் இப்பவும் கோட்டுக்கு அலையினம். சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு அடைக்கிற காலம் இது தான், புதுசா வந்த நேரம் அடைச்சா ஒருத்தரும் ஒண்டும் நினைக்காயினம். மதில் வேண்டாம் எண்டா தகரம் அடியுங்கோ, மலிவு.

பழைய கந்தோர்:

தம்பி நேர்கோடு சொன்ன பத்து வருசக் கதை தனியார் உறுதிக் காணிக்குத் தான், அதாவது சொந்தமாப் பத்திரம் எழுதின காணிக்கு. அதுவும் ஒருதற்ற அனுமதியோட நடந்தா உரிமை வராது, கேட்டு வாங்கித் தண்ணி அள்ளுற மனுசி எந்தக் காலத்திலயும் வழக்குப் போட ஏலாது. அரச காணியில ஆட்சியுரிமை எண்ட பேச்சுக்கே இடமில்லை.

அதை விடப் பெரிய விசயம் வேற. வட்டக்கச்சி எண்டால் குடியேற்றத் திட்டத்தில குடுத்த காணி கனக்க. பெரியப்பாட்ட இருக்கிறது உறுதிப் பத்திரமா, அரசாங்கம் குடுத்த பெர்மிற்றா எண்டு முதல்ல கேளுங்கோ தங்கச்சி. பெர்மிற் எண்டா அது 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குக் கீழ வரும், பிரதேச செயலாளற்ற எழுத்து அனுமதி இல்லாம விக்கவும் ஏலாது நன்கொடையா எழுதவும் ஏலாது, நொத்தாரிசு காசை வாங்கிக்கொண்டு எழுதித் தந்தாலும் அந்த எழுத்து செல்லாது. அவர் பின்னுரித்தாளரா, அதான் தனக்குப் பிறகு காணி போய்ச் சேரவேண்டிய ஆளா, ஆரையும் பதிஞ்சிருக்கிறாரா எண்டதையும் பாக்கவேணும். நீங்கள் நல்ல மனசோட திருத்திக் காசைக் கொட்டுவியள், நாளைக்கு அங்க இருக்கிற பிள்ளையள் வந்து எங்கட காணி எண்டா உங்கட கையில ஒண்டும் இல்லை. மதிலுக்கு மேசன் பிடிக்க முதல் கந்தோருக்குப் போய் காணிக் கிளையில ஒருக்கா விசாரியுங்கோ. பெரியப்பாட்ட இருந்து நீங்கள் இருக்கிறதுக்குச் சம்மதம் எண்டு ஒரு கடிதமும் எடுத்து வையுங்கோ, சொந்தக்காரர் எண்டு வெக்கப்படாதேங்கோ, அவையும் சந்தோசமாத் தான் தருவினம்.

ஜிஎஸ்ஸிட்ட, அதான் கிராம சேவகரிட்ட, போய் குடும்ப விபரம் பதிஞ்சாச்சோ? அங்க யாழ்ப்பாணத்து ஜிஎஸ்ஸிட்ட விட்டு விலகின கடிதம் எடுத்துத் தான் இஞ்ச பதியவேணும். வாக்காளர் இடாப்பு, பிள்ளையின்ர பள்ளிக்கூடம், மாமின்ர முதியோர் காசு எல்லாம் அதில தான் தொங்குது.

வெள்ளைச் சப்பாத்து:

நான் சுகாதாரப் பக்கம் வேலை செய்யிற ஆள், வன்னியில தான். காணியை விட்டிட்டு முதல்ல ராவில எல்லாரும் எங்க படுக்கிறியள் எண்டு சொல்லுங்கோ. வெக்கைக்கு விறாந்தையில பாயைப் போட்டுப் படுக்கிற பழக்கம் இருந்தா இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. எட்டடி விரியன் ராவில தான் வீட்டுக்குள்ள வரும், நிலத்தில படுக்கிற ஆக்களைத் தான் கடிக்கும், கடிச்சது பெரிசா நோகவும் மாட்டுது காயமும் தெரியாது. விடிய வயித்து நோ எண்டு எழும்புவினம், கண் இமை தூக்க ஏலாமல் இருக்கும், அப்ப அது வெறும் வயித்துக்குத்து எண்டு ஓமத்தண்ணி குடுத்துக்கொண்டு இருக்கக் கூடாது. கட்டில்ல படுங்கோ, நுளம்பு வலையைக் கட்டி விளிம்பை மெத்தைக்குக் கீழ செருகி விடுங்கோ, வலை பாம்புக்கும் தான் காவல். கட்டில் இல்லை எண்டாலும் வலையைப் பாய்க்குக் கீழ செருகலாம். ஆருக்கும் கடிச்சா கயிறு போட்டு இறுக்குறது, கீறுறது, வாயால உறிஞ்சுறது ஒண்டும் வேண்டாம், கடிபட்ட காலையோ கையையோ அசைக்காம ஆஸ்பத்திரிக்கு ஏத்துங்கோ.

முத்திரைப் புடையன் வெளியில நிக்கும், சருகு, விறகுக் கும்பி, குவிச்சு வச்ச ஓடு, இதுகள் தான் அதுக்கு இடம். பின்னேரம் குசினிக்குப் போய் வர ரோச் லைற் கட்டாயம். வீட்டையும் குசினியையும் சுத்தி ஒரு பத்தடி வெறும் நிலமா வச்சிருங்கோ, கூட்டின வளவில பாம்பு நிண்டா தெரியும். பழைய சனம் விடிய எழும்பி முத்தம் கூட்டினது வடிவுக்கு மட்டும் இல்லை. அந்தப் பக்கத்து வீட்டு அம்மா கூட்டி விடுறா எண்டீங்கள், அவவுக்குத் தெரியும்.

தண்ணி ருசியைப் பற்றி. வவுனியா பக்கத்திலயும் உலர் வலயத்தில வேற கன இடங்களிலயும் கிணத்துத் தண்ணியில புளோரைட் கூட இருக்கும். ருசியில அது தெரியாது, கொதிக்க வச்சாலும் போகாது, கொதிச்சு வத்த வத்த இன்னும் கூடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லுற எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். எட்டு வயசுக்கு உட்பட்ட பிள்ளையள் கூடின தண்ணியைத் தொடர்ந்து குடிச்சா முளைக்கிற நிரந்தரப் பல்லில கறை பிடிக்கும், உங்கட கடைக்குட்டிக்கு இது முக்கியம். நீர் வழங்கல் சபையில தண்ணியைக் குடுத்து சோதிக்கலாம், காசு கட்டவேணும், பிஎச்ஐயிட்ட, அதான் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிட்ட, கேட்டா எப்பிடி எடுத்துக் குடுக்கிறது எண்டு சொல்லுவார். அவரைக் கூப்பிட்டு கிணத்துக்கு குளோரினும் போடுவியுங்கோ. கக்கூஸ் குழி கிணத்தில இருந்து ஐம்பது அடியாவது தள்ளி இருக்கோ எண்டு அளந்தும் பாருங்கோ. வெறும் ருசி வித்தியாசம் மட்டும் தான் எண்டு வந்தா பெடியனுக்குப் பழகிப்போகும், மண்பானையில ஊத்தி வச்சுக் குடுங்கோ.

சுண்டிக்குளம் மருமகள்:

அக்கா நானும் உங்களை மாதிரி வெளியில இருந்து வந்தவள் தான், நான் கொழும்பு. எனக்கு இந்தப் பொட்டுக் கதை நல்லா விளங்குது, வந்த புதுசில எனக்கும் பத்திக்கொண்டு தான் வந்தது, தட்டாம கூப்பிடாம குசினி வாசல் மட்டும் ஆக்கள் வருவினம், என்ன சமையல் எண்டு சட்டி திறந்து பாப்பினம். எங்கட மாமி தான் ஒருநாள் இருத்தி வச்சுக் கதைச்சவ. 2009க்குப் பிறகு முகாமால திரும்பி வரேக்க கிணறு எல்லாம் தூந்து கிடந்ததாம், ஒரு வீட்டுக் கிணத்தை எல்லாருமாச் சேந்து இறைச்சு அதில தானாம் சுத்தியிருந்த வீடு முழுக்கக் குடிச்சது குளிச்சது, தறப்பாள் கொட்டிலுக்குள்ள ஒரு உலையில தானாம் சோறு. அப்பிடி இருந்த சனத்துக்கு வேலி எண்டா ஆடுமாட்டை மறிக்கிறதுக்குத் தான். உங்கட கிணத்தை நீங்கள் இல்லாத காலம் முழுக்க அள்ளி அள்ளிச் சுத்தமா வச்சிருந்ததே அவ தானே அக்கா, அள்ளாம விட்ட கிணத்துத் தண்ணியை வந்தவுடன குடிச்சிருப்பியளோ?

ஆனா குளிக்கேக்க ஆள் வாறது சரியான அந்தரம், அதுக்கு அவவை மறிக்கத் தேவையில்லை, கிணத்தடியை மறையுங்கோ. நாலு தடி ஊண்டி கிடுகுத் தட்டி கட்டினா காணும், ஒருநாள் வேலை. கிடுகு பிடிக்காட்டி பச்சை நெற் கட்டுங்கோ. பொட்டு இருக்கிற இடத்தில ஒரு சின்னப் படலை போடுங்கோ, கொழுக்கி உங்கட பக்கம் இருக்கட்டும், பகலில திறந்து விடுங்கோ, ராவில கொழுவுங்கோ. படலை எண்டா வாற ஆளும் ஒரு சத்தம் குடுத்திட்டுத் தான் தள்ளுவா, நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. நான் அப்பிடித் தான் செய்தது, சட்டி திறக்கிறது மட்டும் இன்னும் நிக்கேல்லை.

சின்னவனுக்கு, ராவில சத்தம் கேட்டா அது என்ன சத்தம் எண்டு பகலில ஓட்டுக்கு மேல காட்டுங்கோ, ஆள் இல்லை மரநாய் தான் எண்டு தெரிஞ்சா பாதிப் பயம் போகும். ஒரு தென்னம்பிள்ளையோ மாதுளையோ அவன்ர பேரில நட்டு அவனையே தண்ணி ஊத்த விடுங்கோ. அந்த அம்மா வீட்டில பேரப்பிள்ளையள் இருக்கினமோ? இருந்தா உங்கட பிரச்சினை அந்தப் பொட்டாலயே தீரும்.

நேர்கோடு:

படலை போட்டா அது நீங்களே பாதை விட்டுக் குடுத்த மாதிரி. பிறகு சொல்லேல்லை எண்டு சொல்லாதேங்கோ.

பழைய கந்தோர்:

விட்டுக் குடுத்தா அது அனுமதி, அனுமதி எண்டா உரிமை வராது எண்டு தானே தம்பி மேல எழுதினனான். கொழுக்கி உள்பக்கம் இருந்தா இன்னும் நல்லது. வாசிச்சிட்டு எழுதுங்கோ.

கொக்குவில்காரி:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவியள் எண்டு நினைக்கேல்லை. இவரையும் இருத்தி வச்சு எல்லாம் வாசிக்கக் குடுத்தனான், பாம்புக் கதை வாசிச்சிட்டு மனுசன் அண்டைக்கே ரவுணில நாலு நுளம்பு வலை வாங்கிக்கொண்டு வந்திட்டார். மாமி விறாந்தையை விட்டு உள்ளுக்கு வரமாட்டன் எண்டு ஒரே சண்டை, கடைசியா கட்டிலையே விறாந்தைக்குத் தூக்கிப் போட்டு வலை கட்டியாச்சு.

கனடாவுக்கு எடுத்துக் கதைச்சனாங்கள். பழைய கந்தோர் ஐயா சொன்னது சரி, காணி பெர்மிற் தானாம், பின்னுரித்து ஆருக்கு எண்டு பெரியப்பாவுக்கே வடிவா நினைவில்லை, திங்கள் இவர் கந்தோருக்குப் போறார். பொட்டைப் பற்றிக் கேட்டா பெரியம்மா போனிலயே சிரிக்கிறா, அதை வெட்டினதே அவ தானாம், அந்த அம்மாட்ட மோர் வாங்கப் போய் வர சுத்துவழியா இருக்குதெண்டு. இதைக் கேட்டாப் பிறகு இவர் மதில் கதையை எடுக்கிறேல்லை. 2018 வெள்ளம் குசினியின்ர ரெண்டாம் படி மட்டும் வந்ததாம், அந்த அம்மா படியைத் தொட்டுக் காட்டினவ. ரைல்ஸும் இந்த மாரிக்கு இல்லை, கூரைக்கு ஆள் சொல்லியாச்சு.

படலையும் தட்டியும் போடுறதா முடிவு. பேரப்பிள்ளையள் ரெண்டு பேர் இருக்கினம், மூத்தவன் இப்பவே அந்தப் பக்கம் தான் நிக்கிறான், அங்க எங்கட கிணத்துத் தண்ணியைக் குடிக்கிறானாம், வீட்டில மட்டும் போத்தல் தண்ணி வேணுமாம். சோதிச்சு வருமட்டும் ஆருமே குடிக்கவேண்டாம் எண்டா அந்த அம்மா என்னைப் பாத்த பார்வை இருக்கே.

இன்னும் ஒண்டு கேக்கவேணும். முன்வேலி உக்கிப் போச்சு, ரோட்டுப் பக்கம், கட்டாக்காலி மாடு உள்ளுக்கு வருது. அதை மட்டும் உயிர்வேலியாப் போடுவம் எண்டு மாமி சொல்லுறா. என்ன மரம் நல்லது, இப்ப ஊண்டலாமோ?

குளத்தடி:

ஊண்டுற காலம் தான் பிள்ளை, ஆனா முதல் மழை விழுந்து நிலம் இளகட்டும். கிளுவை தான் மாட்டுக்குச் சரி, முள்ளும் இருக்கு, கோடையிலயும் சாகாது. இடைக்கிடை பூவரசு வையுங்கோ, பேந்து தடிக்கு உதவும். கிளிசறியா கெதியா வளரும், குழை தென்னைக்குப் பசளை, ஆனா ஆடு கண்டா விடாது, அதை உள்பக்கம் வையுங்கோ. கதியால் கைமொத்தத்தில ஆறடிக்கு வெட்டி, அடியைச் சரிவா ஒரே வெட்டில சீவவேணும், நசிஞ்ச தடி வேர் விடாது. வெட்டி உடன ஊண்டாம ரெண்டு மூண்டு நாள் நிழல்ல சாத்தி வையுங்கோ, பால் காயட்டும். ஒரு முழம் தாட்டு, அடிமண்ணைக் காலால இறுக்கி, குறுக்க வரிச்சுக் கட்டினா ஆடாது. ஆடினா துளிர் வந்தும் செத்துப்போகும்.

என்ர வேலியில கிளுவை அளவுக்கு மிஞ்சி நிக்குது, மாரிக்கு முதல் நானும் வெட்டத் தான் வேணும். ஒரு லான்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மிசின்) பெட்டிக்குக் காணும், காசு ஒண்டும் வேண்டாம். வாகனத்தை ஞாயிறு காலமை விடுங்கோ, உங்கட அவரையும் ஒரு நல்ல கத்தியோட வரச்சொல்லுங்கோ, எனக்கு இப்ப தோள் மூட்டு ஏலாது. முழுக்கைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வரட்டும், முள்ளுக் கிழிக்கும்.